தம் பங்கைத் தந்தவர்கள்



இங்கிலாந்தில் நல்ல மீன் சிப்ஸ் கடையை அறிய எளிய வழி உண்டு: அங்கே காத்திருக்க நேரிடும். நாம் கேட்ட பிறகே மீனை மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். யார்க்‌ஷயரில் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பில்.

அங்குள்ள விட்பி நகரில் ஹேடக் மீனுக்காக அவ்வாறு நின்றபோது, எனக்கு முன்னிருந்த முதியவர் தம் சிறுவயதை நினைவுகூர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் இறைச்சியும் வெண்ணெயும் பங்கீட்டில் அளந்தே கிடைத்தன. மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் பங்கீடு இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் தாயின் கரம்பற்றி வரிசையில் நிற்பாராம். போருக்குச் சென்ற தந்தை திரும்பவில்லை.

“அந்த மாலையில்தான் அம்மா வயிறார உண்பார். மற்ற நாட்களில் தம் பங்கையும் எனக்கே தந்துவிடுவார்” என்றார்.

நமக்காகத் தம் பங்கைக் குறைத்துக்கொண்டவர்களை, இந்த வாரம் உண்ண அமரும்போது நன்றியோடு நினைப்போம்.