கண்ணாடித் தகடும் தேயிலைக் கறையும்

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின், பழைய சம்பளச் சீட்டுகளையும், கொழுந்துச் சாக்கின் நூல்களையும், காய்ந்த தேயிலைச் சக்கையையும் அட்டையில் ஒட்டி, அவற்றின்மேல் வர்ணம் தீட்டிச் சித்திரமாக்கும் வழக்கம் என்னைப் பற்றிக்கொண்டது. இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவையில் மழை விடாது பெய்யும் மாலைகளில் இவ்வேலை எனக்கு அளிக்கும் சாந்தியை வேறெதுவும் அளிப்பதில்லை. கலப்பு ஊடகக் கலை என்று இன்று வழங்கும் இக்காரியத்தைத் தொடங்கி வைத்தவர் யாவர் என்று அறியும் ஆவலால் புஸ்தகங்களைப் புரட்டலானேன்.

சரித்திரக்காரர்கள் பெரும்பாலும் 1912ஆம் ஆண்டையே சுட்டுகிறார்கள். பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியைப் பிக்காசோ ஓவியத்தில் ஒட்டிக் கயிற்றையே அதற்குச் சட்டமாக்கியதும், மரவரி அச்சிட்ட சுவர்க் காகிதத்தைப் பிராக் வெட்டி ஒட்டியதும் அவ்வாண்டில்தான். ஆயினும், பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்துப் புடைப்பு உண்டாக்கி, கண்ணாடிக் கற்களும் தங்கரேக்கும் பதித்த தஞ்சாவூர்ச் சித்திரகாரர்கள், சரபோஜி மன்னர் காலத்திலேயே அந்த வித்தையில் கைதேர்ந்திருந்தார்களே! அவர்கள் தெய்வத்துக்காகவும் புரவலருக்காகவும் செய்தார்கள். தன் மனத்துக்காகச் செய்தவரையன்றோ நான் தேடினேன்? இங்கிலாந்தில் மேரி டிலேனி என்னும் விதவை, 1772இல் தமது எழுபத்திரண்டாம் வயதில் வர்ணக் காகிதங்களை நுண்ணிதாகக் கத்தரித்து மலர்ச் சித்திரங்கள் ஒட்டத் தொடங்கி, பார்வை மங்குமுன் ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் படைத்தார் என்று படித்தபோது, தேடியவரின் சாயலைக் கண்டாற்போலிருந்தது.

ஆனால் என் தேடல் கடைசியில் வந்து நின்ற இடம் எங்கள் ஊர்த் தூய மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டம். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, 1879இல் இம்மலைநாட்டிலே மறைந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அங்கே கணவரோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தனிமையில் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் வாங்கித் தந்த புகைப்படக் கருவியை நாற்பத்தெட்டாம் வயதில் கையேற்ற அவ்வம்மையார், கோழிக்கூட்டைப் படப்பிடிப்புக் கூடமாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தகட்டைக் கீறியும், உடைந்த தகட்டிலிருந்தே அச்செடுத்தும், பல தகடுகளைச் சேர்த்து ஒரே படமாக்கியும், மருந்துக் கறைகளை மறைக்காமல் விட்டும் அவர் செய்தவற்றை அக்கால விமரிசகர்கள் அலட்சியமென்று பழித்தனர். குடும்பத்தின் கோப்பித் தோட்டங்களை நாடி 1875இல் இலங்கைக்கு வந்தபின் இந்நாட்டு மக்களையும் அவர் படமெடுத்தார். அவற்றுள் பலவற்றின் தலைப்பில் ஆளின் பெயர் இல்லை.

அந்தப் பெயரில்லாதாரின் வழித்தோன்றல்கள் இன்று தாமே கலைஞராகியிருக்கிறார்கள். ஹட்டன் பகுதியைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைச் சாயத்தையும் தேயிலைப் பைகளையும் கொண்டே தோட்டத் தொழிலாளரான தம் மக்களின் உழைப்பைச் சித்திரிக்கிறார். துணியிற் பட்டால் நாம் அவசரமாய்க் கழுவும் கறை அவருக்கு வர்ணமாகிறது.

இத்தகைய கைவேலை மனத்துக்குத் தரும் அமைதியை விஞ்ஞானிகளும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2016இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமளும் அவர்தம் குழுவினரும், வயது வந்த 39 பேரை 45 நிமிஷம் களிமண்ணும் ஒட்டுக் காகிதமும் கொண்டு விரும்பியதைச் செய்யவிட்டுச் சோதித்ததில், நான்கில் மூவருக்கு உமிழ்நீரில் கோர்டிசோல் என்னும் மனவழுத்தச் சுரப்பு குறைந்திருந்தது. முன்பயிற்சி உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமும் பெரிதாக இல்லை. தேர்ச்சியிலிருந்து பிறப்பதன்று இவ்வமைதி என்பதற்கு இது சாட்சி.

ஆகவே, இக்கலைக்கு ஆதிகர்த்தா ஒருவர் உண்டென்று நான் இப்போது நம்புவதில்லை. தனிமையின் பாரத்தைத் தாங்க மாட்டாத மனம், எறியப்படவிருந்த ஒரு பொருளைக் கையிலெடுத்து, அதன் கறையையும் கிழிசலையும் மறைக்காமலே ஓர் ஒழுங்குக்குள் அமர்த்தத் துணிந்த இடங்களிலெல்லாம் அது புதிதாகப் பிறந்திருக்கிறது. துரைமார் பங்களாவிலே பிறந்ததற்கு எங்கள் கல்லறைத் தோட்டம் அத்தாட்சியென்றால், தொழிலாளர் லயத்திலே பிறந்ததற்கு ஹனுஷாவின் சித்திரங்கள் அத்தாட்சி. முன்னதைப் போற்றிப் பேசும் நம்மூர்க்காரர் பின்னதையும் அதே ஆதரவோடு பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.