தூக்கு மேடும் தானியக் கிடங்கும்

கோவையிலிருந்து சேலம் போகும் பேருந்தில் குமாரபாளையம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு மலை தெரியும். சுற்றிலும் சமவெளி, நடுவில் அது மட்டும் தனியாக நிற்கும். சங்கு மாதிரி இருப்பதால் சங்ககிரி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தும் எனக்கு இதுவரை சங்கு தெரிந்ததில்லை. ரயில் நிலையம் மட்டும் ‘துர்க்கம்’ ஒட்டிய பழைய பெயரை இன்னும் விடவில்லை. ஊருக்குள் போனால் லாரிப்பட்டறை, டயர்க்கடை, டிங்கர் வேலை. மேலே பார்த்தால் மலைச்சரிவில் கோடு கிழித்த மாதிரி மதில்.

அந்த மதில்களை நாலு வருடமாகப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்டு எடுக்கவில்லை. பக்கத்து ஊர், கையில் கேமரா இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, அவ்வளவுதான். சித்திரையில் போனால் கானல் எழும்பி தூரத்து மதிலெல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். ஆடியில் போனால் காற்று ட்ரைபாடையே தள்ளிவிடும். ஐப்பசி மழை முடிந்த பிறகு வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், ஆனால் புல் இடுப்புயரம் வளர்ந்து பாதிக் கோட்டையை மறைத்துவிடும். மாசிதான் சரியான மாதம். புல் காய்ந்து படிந்திருக்கும், வெயிலும் இன்னும் முறுக்கேறியிருக்காது.

பதினைந்தாம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் எழுந்த கோட்டை என்று சொல்கிறார்கள். பிறகு வந்தவர்கள் அவரவர் தேவைக்குச் சேர்த்துக் கட்டினார்கள். மைசூர்க்காரர்கள் வைத்திருந்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த பகுதிகளில் சேலம், நாமக்கல், சங்ககிரி எல்லாம் அடக்கம். அதற்குப்பின் இது கும்பினிக் கோட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக வாசல்கள், வாசலுக்கு வாசல் மதில், மேலே சுனைகள், கிடங்குகள், படை தங்கிய கட்டடங்கள், பெருமாள் கோவில், தர்கா. எத்தனை வாசல் என்று ஏறும்போது ஒருவரைக் கேட்டால் பத்து என்பார். இறங்கும்போது இன்னொருவர் பதினாலு என்பார். இரண்டு பேரும் சிறுவயதில் எண்ணியதாகச் சத்தியம் பண்ணுவார்கள்.

வாசல் கணக்கில் ஒத்துப்போகாதவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்ட இடம் இதுதான்.

தீர்த்தகிரி என்பது அவருடைய இயற்பெயர். காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756ல் பிறந்தவர். கொங்கு நாட்டில் வசூலான வரிப்பணத்தை மைசூர் ஆட்கள் சங்ககிரிக்குக் கொண்டுபோகும்போது வழிமறித்து வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்தாராம். யார் வாங்கியது என்று திவான் கேட்டால் ‘சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை வாங்கியதாகச் சொல்’ என்றாராம். கொங்குப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கதையை யாராவது சொல்லியிருப்பார்கள். பின்னாளில் அதே மைசூர்ப் பக்கம் நின்று கும்பினியோடு சண்டையிட்டார். 1799ல் திப்பு விழுந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. 1801ல் காவிரிக் கரையிலும், 1802ல் ஓடாநிலையிலும், 1804ல் அரச்சலூரிலும் வென்றதாகச் சொல்கிறார்கள். கடைசியில் சமையல்காரன் காட்டிக்கொடுத்தான் என்கிறது கதை. 1805 ஜூலை 31ஆம் தேதி தம்பிகளோடு சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.

ஊரில் யாரும் ஜூலை 31 என்று சொல்வதில்லை. ஆடி 18 என்றுதான் சொல்வார்கள். இப்போது ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3ல் வருகிறது. தபால்துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது 2005 ஜூலை 31ல். இரண்டில் ஒன்று தப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. இரண்டும் சரிதான். நம் சூரிய நாட்காட்டியும் ஆங்கில நாட்காட்டியும் எழுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே போகின்றன. 1805ல் ஆடி 18 ஜூலை 31ஐ ஒட்டியே வந்திருக்கும். இருநூறு வருடத்தில் மூன்று நாள் இடைவெளி விழுந்துவிட்டது. ஆவணம் தன் தேதியைப் பிடித்துக்கொண்டு ஒரு இடத்தில் நிற்கிறது, ஜனம் ஆடிப்பெருக்கோடு சேர்த்து இன்னொரு நாளில் மாலை போடுகிறது.

போன வருடம் ஆடிக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் கூப்பிட்டான். பிளக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

“மாப்ள, ஆடி பதினெட்டுக்கு பேனர் அடிக்கறோம். சின்னமலை கட்டுன கோட்டை போட்டோ ஒண்ணு அனுப்பு. வானம் செவசெவன்னு இருக்கோணும்.”

“அது அவரு கட்டுன கோட்டை இல்லடா. அவரத் தூக்குல போட்ட கோட்டை.”

“எல்லாம் ஒண்ணுதான். பேனர்ல யாரு அதையெல்லாம் பாக்கறா?”

மேலே தூக்கு மேடு என்று ஊர்க்காரர்கள் காட்டும் இடத்தின் படத்தை அனுப்பினேன். பாறை, காய்ந்த புல், வானம். ரெண்டு நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான். “இதுல ஒண்ணுமே இல்லையேடா.”

அவன் சொன்னது சரி. அதுதான் இந்தக் கோட்டையைப் படமெடுப்பதில் உள்ள சிக்கல். கேமராவுக்குக் கிடைப்பதெல்லாம் ஆண்டவர்களின் கல். வளைவு வாசல், கொத்தளம், துப்பாக்கி நீட்டும் துளை, அந்தி வெளிச்சத்தில் செக்கச்செவேலென்று மதில். எந்தக் கோணத்தில் வைத்தாலும் அழகாக விழும். கட்டியவர்களின் நோக்கமும் அதுதானே? கீழே நிற்பவன் அண்ணாந்து பார்த்து மிரள வேண்டும். நான் வைட் லென்ஸைத் தரையோடு வைத்து எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்த மிரட்டலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுக்கிறேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் கேட்கும் கதையோ உள்ளே கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டவனின் கதை. படத்துக்கும் கதைக்கும் ஒரே ஊர், ஆனால் இரண்டும் எதிரெதிர் கட்சி.

நாமக்கல்லில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கல்லும் கதையும் ஒரே பக்கம். ஆஞ்சநேயர் கையில் கொண்டுவந்த சாளக்கிராமத்தைக் கமலாலயக் குளக்கரையில் இறக்கி வைத்தார், திரும்ப எடுக்க முடியவில்லை, அது வளர்ந்து மலையாகிவிட்டது. சமவெளி நடுவில் உருண்டையாக நிற்கும் அந்த ஒற்றைப் பாறையைப் பார்த்தால் யாரோ இறக்கி வைத்த மாதிரிதான் இருக்கும். பாறையைக் குடைந்து நரசிம்மரும் அரங்கநாதரும் இருக்கிறார்கள். மேலே உள்ள சின்னக் கோட்டையை 1768ல் ஆங்கிலேயர் பிடித்து, சீக்கிரமே ஹைதர் அலியிடம் பறிகொடுத்தார்கள். அந்தச் சண்டையை ஊரில் யாரும் பேசுவதில்லை. சாமிகதை முழு மலையையும் எடுத்துக்கொண்டது. கீழே நின்று ஒரு படம் எடுத்தால் போதும், கதை உள்ளே வந்துவிடும்.

சங்ககிரியில் கதை அப்படி வராது. அதனால் கதைக்காகக் கல்லைத் தேடுகிறார்கள். மேலே ஒரு கிணற்றை மரணக் கிணறு என்பார்கள். கைதிகளை அதில் தள்ளினார்களாம். அதன் விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்காமல் யாரும் இறங்குவதில்லை. கோட்டை என்றால் சுரங்கப்பாதை கட்டாயம், இங்கேயும் உண்டு. புதையலும் உண்டு. கதைகளில் கெட்டது புதையல்தான். ஒரு அறையில் தரைக்கல்லைப் பெயர்த்து முழங்கால் ஆழம் தோண்டிப் போட்டிருந்ததைப் பார்த்தேன். தோண்டியவருக்கு என்ன கிடைத்திருக்கும்? மண்தான்.

கதை இல்லாத கட்டடங்களை யாரும் தொடுவதுமில்லை, பார்ப்பதுமில்லை. அப்படி ஒன்றுதான் தானியக் கிடங்கு. தடித்த சுவர், உள்ளே இருட்டு, வௌவால் நாற்றம். வாசலில் காதலர் பெயர்கள் சாக்கட்டியில். ரீல்ஸ் எடுக்க வரும் பையன்கள் எட்டிப்பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். நானும் இரண்டு வருடம் கழித்துத்தான் உள்ளே லைட் எடுத்துப் போனேன். முக்காலியில் கேமராவை வைத்து, முப்பது நொடி ஷட்டரைத் திறந்துவிட்டு, டார்ச்சைச் சுவர்மீது மெதுவாக நகர்த்தி எடுத்த படங்கள். கறுப்புக்குள்ளிருந்து சுவர் மட்டும் மெல்ல வெளியே வரும்.

அந்தப் படங்களை வீட்டில் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாயி பின்னால் வந்து நின்றார். எண்பது தாண்டியவர். வாசல், மதில் படங்களையெல்லாம் “ஒத்தையாவா கண்ணு போன?” என்பதோடு கடந்துவிட்டார். கிடங்குப் படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

“இதென்ன கண்ணு, குதிராட்டம் இருக்குது?”

“தானியம் போட்டு வெச்ச கிடங்குங்க அம்மாயி. பட்டாளத்துக்கு.”

“எத்தன மூட்ட புடிக்கும்?”

“தெரியலைங்க.”

கொஞ்ச நேரம் பார்த்தார். “இத ரொப்போணும்னா எத்தன காடு வெளையோணும்,” என்றார். பிறகு, “யாரூட்டுக் கம்போ,” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

வானம் பார்த்த பூமியில் கம்பும் சோளமும் போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அம்மாயி சிறுபிள்ளையாக இருந்தபோது வீட்டுக்குதிரில் கைவிட்டால் அடி தட்டிய வருடங்கள் உண்டு என்று சொல்வார். அவர் கோட்டையை வாசலில் இருந்து பார்க்கவில்லை, மூட்டையில் இருந்து பார்த்தார். சங்ககிரி வெறும் சண்டைக்கோட்டை இல்லை. கொங்கு நாட்டு வரி வந்து சேர்ந்த இடம். 1792ல் கும்பினி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் தாமஸ் மன்றோவும் ஒருவர். நிலத்தை அளந்து, குடியானவன் ஒவ்வொருவன் பேரிலும் தனித்தனியாக வரி விதிக்கும் ரயத்துவாரி முறை உருப்பெற்றது இந்தப் பாராமகால், சேலம் பகுதிகளில்தான். பிறகு அது மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் போனது. ஊர்களிலிருந்து இந்த மலையடிக்கு வந்தவர்களில் தூக்குக் கயிற்றுக்கு வந்தவர்கள் சில பேர். வரிக்கணக்கோடு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஆடி 18 கிடையாது.

இப்படி யோசித்தால் சின்னமலையின் முதல் கதையும் கிடங்குக் கதைதான். சங்ககிரிக்குப் போகவேண்டிய வரியை அவர் பாதி வழியில் திருப்பினார். அந்தக் கதை இருநூறு வருடம் நின்றதற்குக் காரணம் வாள்வீச்சு மட்டுமா? வழிமறித்த மூட்டை யாருடையது என்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. தூக்கு மேட்டையும் கிடங்கையும் தனித்தனிப் படமாக எடுத்துக்கொண்டிருந்தவன், அம்மாயி பேசிய பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்றில் பாறையும் வானமும். இன்னொன்றில் காலியான இருட்டு. இரண்டிலும் பார்க்க ஒன்றுமே இல்லை, பிளக்ஸுக்கு உதவாது. ஆனால் சேர்த்து வைத்தால் அந்த மலை எதற்காக அங்கே காவல் போட்டு நின்றது என்று புரிகிறது.

இந்த மாசியில் ஈரோடு தாண்டி ஓடாநிலைக்குப் போனேன். அரச்சலூர் பக்கம். சின்னமலை தனக்கென்று கட்டிய கோட்டை அங்கேதான் இருந்தது. கும்பினிப்படை பீரங்கி கொண்டுவந்து அதை இடித்துத் தரைமட்டமாக்கியது. அரசு கட்டிய மணிமண்டபம் இருக்கிறது, சிலை இருக்கிறது. கோட்டையின் மதில் இல்லை, வாசல் இல்லை. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்ன எடுக்கிறேன் என்று கேட்டார்.

“கோட்டை இருந்த இடங்களாய்யா.”

“ஆமாங் தம்பி. இந்தப் பக்கமெல்லாம்தான்,” என்று கையை அகலமாக வீசிக் காட்டினார்.

அந்தக் கை வீச்சைத்தான் எடுத்தேன். பின்னால் உழுத நிலம்.