பறவைகளைப் பார்க்கத் தனி டிக்கெட்!

மயிலாப்பூரில் 29சி பஸ் ஏறி, கதீட்ரல் சாலையில் இறங்கினோம். ஒரு பக்கம் செம்மொழிப் பூங்கா. பல வருடங்களாக 15 ரூபாய் டிக்கெட்டில் நாங்கள் சுற்றிய இடம். பிள்ளைகள் இழுத்ததோ எதிர்ப்பக்கம், கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்கு.

சுமார் 6 ஏக்கரில், 46 கோடி ரூபாய் செலவில் அரசு அமைத்த பூங்கா. 2024 அக்டோபரில் திறந்தபோதே கட்டணம்தான் பேச்சு. பெரியவர்களுக்கு 100, சிறுவர்களுக்கு 50. இது வாசலைத் தாண்ட மட்டும்! 500 மீட்டர் ஜிப்லைனுக்கு 250, சிறுவர்களுக்கு 200. பறவையகத்துக்கு 150, 75. இசை நீரூற்றுக்கும் தனிக் காசு.

அந்தக் கணக்கில், நாலு பேர் உள்ளே போய், பறவைகளைப் பார்த்து, பிள்ளைகள் இருவரும் ஜிப்லைனில் பறந்தால் 1,150 ரூபாய். ஐஸ்கிரீம் சேர்க்கவில்லை.

ஜிப்லைனுக்குக் கொடுக்கலாம். ஊருக்கு நடுவே அப்படிப் பறக்க வேறெங்கே போவது? பறவையகத்துக்குத்தான் கை தயங்கியது. புதுப்பித்துத் திறந்த கிண்டி சிறுவர் பூங்காவில் பறவை, விலங்கு எல்லாம் சேர்த்தே பெரியவர்களுக்கு 60, சிறுவர்களுக்கு 10தானே?

“கிளி பார்க்கணும்” என்றாள் சின்னவள். அடுத்த ஞாயிறு கிண்டி என்று வாக்குக் கொடுத்து, 700 ரூபாயோடு முடித்துக்கொண்டோம். வாக்கை அவள் மறக்கவில்லை, தினமும் கேட்கிறாள்.