மாடிக்கு ஏறாத வைஃபை

திங்கள் இரவு

ஒன்பது மணி ஆனால் போதும், மாடியில் நெட் படுத்துவிடுகிறது. மடிப்பாக்கத்தில் இந்த வீட்டுக்கு ஒரே ஃபைபர் இணைப்பு. கீழே வீட்டுக்கார ஆன்ட்டி, மேலே ஒரு போர்ஷனில் நாங்கள், எதிர்ப் போர்ஷனில் ஐடி கம்பெனித் தம்பிகள் இருவர். 100 எம்பிபிஎஸ் திட்டம், பில்லை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம்.

ஆன்ட்டிக்குத் தம்பிகள் மேல் சந்தேகம். "ராத்திரியெல்லாம் கேம் ஆடுறாங்கம்மா, எல்லாத்தையும் அவங்களே இழுத்துடுறாங்க." உண்மையில் ஆன்லைன் கேம் இழுப்பது கொஞ்சம்தான், ஒரு எம்பிபிஎஸ்கூட வராது. அதற்கு வேண்டியது தாமதமில்லாத பதில். தம்பிகளோ ஆன்ட்டியின் சீரியலைக் காட்டுகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. எல்லாரும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டுமே தவிர, வேகம் கூடாது.

செவ்வாய்

கஸ்டமர் கேரில் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்றார்கள். பண்ணியாயிற்று. லேப்டாப்பைக் கீழே தூக்கிப்போய் ரூட்டரில் ஒயரைச் சொருகிப் பார்த்தேன். இரவு ஒன்பதரைக்கு 94. நூறு எம்பிபிஎஸ் போர்ட்டில் அதற்கு மேல் வராது, தலைப்புத் தகவல்களே மீதியைத் தின்றுவிடும். அதாவது கம்பெனி கொடுப்பதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கோளாறு காற்றில்.

என்னைக் கேட்டால் எந்த வீட்டிலும் முதல் வேலை இதுதான். ஒயரில் பார்க்காமல் கஸ்டமர் கேரோடு சண்டை போடுவது வீண்.

புதன்

ரூட்டர் இருந்த இடம் டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி. அலையை மறிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. எடுத்து ஷோகேஸ் உச்சியில் வைத்தோம். கீழே நன்றாக ஏறியது, மேலே ஏதோ பரவாயில்லை.

சேனல் காட்டும் ஆப்பில் பார்த்தால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் திருவிழாக் கூட்டமாக நிற்கின்றன, பாதிக்கு மேல் ஆறாம் சேனலில். 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல் இருப்பதுபோல் தோன்றினாலும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மட்டுமே. 2005-இலிருந்து இந்தியாவில் இந்த அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பேசலாம், பேசுகிறார்கள். நாங்கள் 11-க்கு மாறினோம். பகலில் சரி. ஒன்பது மணிக்கு மறுபடி பழைய கதை.

வியாழன்

பெரிய தம்பி ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து காட்டினான். யார் யார் இணைந்திருக்கிறார்கள், எவ்வளவு வேகத்தில் என்று வரிசையாக இருக்கிறது. என் போன் 72. ஆன்ட்டி டிவி 144. நடுவில் ஒரு பெயரில்லாத கருவி, அதற்கு நேரே 5.5.

"அக்கா, இது யாரு?"

கேட் கேமரா. தெருவில் செயின் பறிப்பு நடந்தபிறகு ஆன்ட்டி மாட்டியது. ரூட்டருக்கும் அதற்கும் நடுவில் இரண்டு சுவர், ஒரு இரும்புக் கதவு. சிக்னல் தேய்ந்து போவதால் பிசகாமல் பேச வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, ஆனால் படத்தை மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கிறது.

அது ஒரு ஓரமாக மெல்லப் பேசினால் நமக்கென்ன என்று நினைக்கத் தோன்றும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், சங்கடம் அங்கேதான். நாலு குடித்தனத்துக்கு ஒரே குளியலறை இருக்கும் வீடு மாதிரி: ஆளுக்கொரு முறை என்பது நியாயம்தான், ஆனால் ஒருவர் உள்ளே போனால் அரை மணி நேரம் என்றால்? பழைய வைஃபை தருவது சமமான முறை, சமமான நேரம் அல்ல. பிரான்ஸின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் 2003-இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எல்லாரும் விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும்போது ஒரு கருவி 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால், 11 எம்பிபிஎஸ்ஸில் இருப்பவர்களுக்கும் கிடைப்பது 1-க்குக் கீழே போய்விடுகிறது.

எங்கள் கேமரா அனுப்புவது சுமார் 2 எம்பிபிஎஸ். 5.5-இல் அதை அனுப்பவே மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் போகிறது. தவறிப்போய்த் திரும்ப அனுப்புவது தனி. இருட்டினால் இன்னும் மோசம்: இரவுப் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும், அதைச் சுருக்க முடியாமல் டேட்டா பெருகும். எல்லாரும் வீடு திரும்பி போனை எடுப்பதும் அப்போதுதான்.

வெள்ளி

பத்து நிமிஷம் கேமராவை நிறுத்தக் கேட்டதற்கு ஆன்ட்டி கேட்டருகே போய் நின்றுகொண்டார், காவலுக்கு. மாடியில் 14 காட்டிய போன் 52 காட்டியது. ஆன்ட்டி தம்பிகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரவு கேசரி வந்தது.

ஞாயிறு

சின்ன தம்பி ரிப்பீட்டர் வாங்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். சாதா ரிப்பீட்டர் கேட்டதையே அதே சேனலில் திரும்பச் சொல்லும், ஒரே தகவல் காற்றில் இரண்டு தடவை போகும். ஏற்கெனவே நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் அந்த அலைக்குக் கான்கிரீட் தளத்தைத் துளைத்து ஏறும் தெம்பு குறைவு. ஆகவே கீழிருந்து மாடிக்கு ஒரு கேட்-6 ஒயர், மேலே ஒரு ரூட்டர் அக்சஸ் பாயின்ட்டாக, மாடி முழுக்க 5-இல். 2.4 கேமராவுக்கும் பழைய போன்களுக்கும்.

துளை போடத்தான் ஆன்ட்டிக்கு மனசு வரவில்லை, பெயின்ட் அடித்து ஆறு மாசம்கூட ஆகவில்லையாம். கடைசியில் ஏசி பைப் போகும் ஓட்டையிலேயே ஒயரையும் விடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னபிறகு இறங்கிவந்தார்.

அடுத்தது செலவு. கேமரா ஆன்ட்டியுடையது, ஆகவே ஒயர் செலவும் அவருடையதுதானே என்று பெரிய தம்பி மெதுவாக இழுத்தான்.

"ஏம்ப்பா, ராத்திரி கேட்டுக்குள்ள நிக்கிற உங்க வண்டியையும் சேர்த்துத்தானே அது பாக்குது?"

மூன்றாகப் பிரித்துக்கொண்டோம்.