ஐந்து வீட்டுப் பூனைக்குப் பத்தியம்

ரமண நகர்,
திருவண்ணாமலை

அன்புள்ள கோமு,

ஊர் வம்பு என்ன என்று கேட்டிருந்தாய். இந்தத் தடவை வம்பு முழுக்கப் பூனையைப் பற்றித்தான். எங்கள் தெருவில் செவலைக் கடுவன் ஒருவன் சுற்றுவானே, முதலில் நிறுத்துப் பார்த்தபோது அவன் எடை 6.8 கிலோ! நம்மூர்ப் பூனைக்கு நாலு, மிஞ்சிப்போனால் ஐந்து கிலோ போதுமாம். கால்நடை டாக்டர் விலாவைத் தடவித் தடவிப் பார்த்தார், எலும்பு கையில் தட்டுப்படவே இல்லை. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரியணுமாம். இவனுக்கு அந்த இடம்தான் அகலம்.

எப்படி ஆகாமல் இருக்கும் சொல்லு. என் வீட்டில் அவன் சோமு. எதிர்வீட்டு மாமிக்கு அப்பு. மாடியில் குடியிருக்கும் ஜெர்மன்காரிக்கு சாந்தி. ஆண் என்று எத்தனை சொன்னாலும் காதில் வாங்கமாட்டாள். கோடிவீட்டு ரிடையர்டு பேங்க் மாமாவுக்கு 'மேனேஜர்'. டீக்கடையில் பேர் கிடையாது, பன் மட்டும் உண்டு. ஐந்து வாசலிலும் போய் விடியற்காலையிலிருந்து பட்டினி கிடந்தவன் மாதிரிக் கத்துவான். சினிமாவில் சேர்த்திருந்தால் எங்கேயோ போயிருப்பான்.

மாமி வைப்பது ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால், ஒரு டம்ளர். அது நூறு கலோரியைத் தாண்டிவிடும். ஐந்து கிலோவுக்கு இறங்கவேண்டிய பூனைக்கு ஒரு நாளைக்கே 190 கலோரி போல்தான் அளவு என்றார் டாக்டர். கருத்தடை ஆபரேஷன் ஆன பூனைக்குத் தேவை இன்னும் குறையும், பசி மட்டும் கூடும். போதாததற்கு ஜெர்மன்காரி உலர்தீனியைத் தட்டு நிறையக் கொட்டி நாள் பூரா திறந்தே வைத்திருப்பாள். கார்த்திகையில் வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வெயில் ஏறியதும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் பழக்கிவிட்ட வயிறு எங்கள் பொறுப்பு.

விஷயம் வெளியே வந்ததும் மாமி சொன்ன வைத்தியம் கேள்: ஏகாதசிக்கு ஏகாதசி அவனையும் பட்டினி போடுவது! டாக்டர் பதறிப்போய்விட்டார். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் அடைந்துகொள்ளுமாம், உயிருக்கே ஆபத்து. வாரத்துக்கு உடம்பெடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, இவன் கணக்கில் எழுபது கிராம், அவ்வளவுதான் குறையலாம். விரதம் நமக்குத்தான், பூனைக்கு இல்லை.

மாமி வைக்கும் தயிர்சாதத்தை நிறுத்துவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பூனை மாமிசம் தின்னப் பிறந்தது. அதற்கு வேண்டிய டாரின் என்ற சத்து சோற்றில் இல்லை. அது இல்லாவிட்டால் கண் போகும். இதயமும் வீங்கும் என்று 1987ல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். இதைச் சொன்னதும் மாமி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பாக்கெட் தீனியை நானே போடுகிறேன், ஆனால் கரண்டி வாசலோடு நிற்கட்டும்" என்றாள். அந்தக் கரண்டி இப்போது துளசிமாடத்துக்கு எதிர்த்திசையில் ஆணியில் தொங்குகிறது.

பேங்க் மாமாதான் லேசில் மசியவில்லை. "ரமண பகவான் அணிலுக்கே முந்திரி கொடுத்த இடம் இது. நாய்களுக்குப் போட்டாச்சா என்று விசாரித்த இடம். லட்சுமிப் பசுவுக்குச் சமாதி கட்டிய இடத்தில் ஒரு பிஸ்கட்டைக் கணக்குப் பார்க்கிறாயே" என்று பிடித்துக்கொண்டார். "மாமா, அணில் மரம் ஏறும். உங்கள் மேனேஜர் கடைசியாக எதில் ஏறினார்?" என்றேன். அதோடு, பந்தியில் தனக்கு மட்டும் கூடுதலாக எது வைத்தாலும் பகவான் ஒத்துக்கொண்டதில்லையே, அதை மட்டும் ஏன் மறந்துவிடுகிறீர்கள் என்றும் கேட்டுவிட்டேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் ஏற்பாடு இதுதான். தினம் காலையில் ஐம்பது கிராம் தீனியை நிறுத்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிடுவேன். யாருக்குப் போட ஆசையோ அவர்கள் அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்கணும். தீர்ந்தால் தீர்ந்தது. பட்டினி போடுகிறோம் என்ற குற்றவுணர்ச்சி யாருக்கும் இல்லை, எல்லாருக்கும் ஒரு பிடி அன்பு மிச்சம். டீக்கடைக்காக மட்டும் கழுத்துப் பட்டையில் சீட்டு கட்டினேன்: 'எனக்குப் பத்தியம்'. எங்காவது மாட்டினால் தானே கழன்றுவிடும் பட்டை அது, பயப்படாதே.

ஜெர்மன்காரி நல்லவள்தான். தட்டை எடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டு உள்ளே தீனியை அடைத்துவிட்டாள். உருட்டினால்தான் ஒவ்வொன்றாய் விழும். சாயங்காலம் மயிலிறகு ஒன்றைக் கயிற்றில் கட்டி மொட்டை மாடியில் இழுக்கிறாள். ஆசிரமத்துப் பக்கம் மயிலுக்கா பஞ்சம்! முதலில் படுத்தபடியே ஒரு கையை மட்டும் நீட்டினான். இப்போது எழுந்து ஓடுகிறான். அவள் மூச்சு வாங்குவதுதான் அதிகம்.

நிறுப்பது என் வேலை. அவனைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, பிறகு நான் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்கிறேன். தினம் பார்ப்பதில் புண்ணியமில்லை, எழுபது கிராமை அந்த மெஷின் எங்கே காட்டப்போகிறது. போன தடவை 6.4. என் எடையைப் பற்றிக் கேட்காதே.

உன் வீட்டு மகாராணி எப்படி இருக்கிறாள்? சோபாவை விட்டு இறங்குகிறாளா? விலாவைத் தடவிப் பார்த்து உண்மையை எழுது. தீபத்துக்கு வரும்போது சோமுவுக்கென்று நெத்திலிக் கருவாடு எதுவும் கட்டிக்கொண்டு வராதே, உப்பு. எனக்கு வேண்டுமானால் கொண்டுவா, மாமிக்குத் தெரியாமல் வறுத்துக்கொள்ளலாம்.

உன்,
பத்மா