ஒழுகுது எண்டால் விற்கத்தான் வேணுமா?

எண்ணெய் ஒழுகாத பழைய இங்கிலீஷ் கார் எண்டால், அதுக்குள்ள எண்ணெய் முடிஞ்சுபோச்சு எண்டு அர்த்தம். பழைய கார்க்காரர் சொல்லிச் சிரிக்கிற பகிடி இது. வெள்ளவத்தை அடுக்குமாடியில் கார் விடுகிற எங்களுக்கு அது பகிடியாக இருக்கவில்லை. எங்கட மொரிஸ் மைனருக்குக் கீழே பரவிய கறையைக் காட்டி, “திருத்துங்கோ, இல்லாட்டி காரை எடுங்கோ” என்று கட்டடக் குழு சொல்லிவிட்டது. மழை பெய்தால் அந்த எண்ணெய் கானுக்குள் இறங்கிக் கடலுக்குத்தான் போகும். அவர்கள் சொன்னதில் பிழையில்லை.

கார் மாமாவுடையது. கனடா போகும்போது எங்கள் மூன்று பேரிடமும் விட்டுவிட்டுப் போனார். நாங்கள் கேட்ட கராஜில், கியர்பொக்சை இறக்கி முழுசாகச் செய்யவேணும் என்றார்கள். வாங்க வந்தவரும் அதே கறையைக் காட்டித்தான் விலையைக் குறைத்தார்.

ஆனால் எல்லா ஒழுக்கும் ஒரே ஒழுக்கில்லை. அடிப்பாகத்தை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்தோம். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு வந்து, கீழே காட்போட் மட்டை விரித்து இரவு முழுக்க விட்டோம். மைனரில் எஞ்சினும் கியர்பொக்சும் சேருகிற இடத்துக்கு அடியில் ஒரு சின்னத் துளை, அது அடைபடாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின். எஞ்சினின் பின்பக்கத்தில் றப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளும் திருகு வெட்டு மட்டும்தான். அதனால் அந்தத் துளையில் ஒன்றிரண்டு சொட்டு சாதாரணம். எங்கட கறையோ பின்னுக்கு, புறொப் ஷாப்ட் கியர்பொக்சுக்குள் நுழைகிற இடத்துக்கு நேர் கீழே. அங்கே இருப்பது ஒரு சீல். அதை மாற்ற கியர்பொக்சை இறக்கத் தேவையில்லை.

பஞ்சிகாவத்தையில் சீல் வாங்கினோம். ஜக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீங்கோ. ஸ்டாண்ட் வைத்து, காரை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகவேணும். முதலில் எண்ணெயை வடித்தோம். டிஃபரன்ஷல் பக்கம் இணைப்பில் அடையாளம் கீறி, நாலு போல்ட்டையும் கழற்றி, ஷாப்டைப் பின்னுக்கு இழுத்தோம். பழைய சீலின் விளிம்பு கல்லாய் இறுகிக் கிடந்தது. புதுசின் விளிம்புக்கு எண்ணெய் தடவி, பலகைத் துண்டு வைத்துச் சுற்றிவர மெதுவாய்த் தட்டி இறக்கினோம். சீல் உரசுகிற ஷாப்டின் மேற்பரப்பில் ஆழமாய்த் தேய்ந்த வரி இருந்தால் புது சீலும் நிற்காது. எங்கடதில் வரி இல்லை.

பிறகு எண்ணெய். இந்தக் கியர்பொக்சுக்கு எஞ்சின் ஒயில்தான், கிட்டத்தட்ட 1.3 லீற்றர். கியருக்கெண்டு விற்கிற தடித்த ஈ.பி. ஒயில் பின் அச்சுக்குரியது. அதில் கலந்திருக்கிற இரசாயனம் கியர்பொக்சின் உள்ளே இருக்கிற வெண்கல வளையங்களுக்கு ஆகாது.

அடுத்த கிழமை மட்டையில் முன்பக்கத்துச் சொட்டுகள் மட்டும் இருந்தன. அதுக்குக் கீழே ஒரு தட்டு வைத்திருக்கிறோம். கட்டடக் குழு அதை ஏற்றுக்கொண்டது.

2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த அஞ்சு வருசமும் இந்த ஊரில் இருந்த கார்களைத் திருத்தித் திருத்தித்தான் ஓடினோம். மைனரை நன்றாய்த் தெரிந்த பாஸ்மாருக்கு இப்ப வயது போகுது. அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிக்கொள்ளுவம். ‘எவ்வளவு முடியும்’ எண்டு கேட்க முதல், ‘எங்க ஒழுகுது’ எண்டு கேளுங்கோ.