இத்தாலிக்குப் போகும் தங்கைக்கு

எங்கள் வாசகர் வட்டத்துத் தங்கை ஒருத்தி அடுத்த வாரம் இத்தாலிக்குப் படிக்கப் போகிறாள். ஸ்ரீரங்கம் தீவில் கொள்ளிடக் கரையோரக் குடியிருப்பு அவளுடையது. அம்மா தூய்மைப் பணியாளர். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைந்த பிறகு சித்திரை வீதிகளில் குவிந்து கிடப்பதை அள்ளுகிறவர்களில் ஒருவர். அந்த வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் இவள்தான். போன ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பக் கூடினோம். மாமா, சித்தப்பா, பழைய ஆசிரியர் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: "போற எடத்துல ஊரோட ஒத்துப் போம்மா."

எங்களில் மூன்று பேர் சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கை ஒட்டி மூன்று வாரம் அங்கே சுற்றியவர்கள். அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறோம். அடுத்துப் போகிற தம்பி தங்கைகளுக்கும் உதவும்.

முதலில் அந்த 'ஒத்துப் போ'. அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த இத்தாலிக்காரர் ஒருவரை நம் பக்கத்துக்குத் தெரியும். 1577-இல் ரோமில் பிறந்து 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி. திருச்சிக்கும் சேலத்துக்கும்கூட வந்தவர். தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். இறைச்சியை விட்டார், காவி உடுத்தார், பூணூல் அணிந்தார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். ஊரோடு ஒத்துப் போனார். ஊர் வேறு, சேரி வேறு என்பது நமக்குத் தெரியாததா? அவர் ஒத்துப் போனது ஊரோடு. சேரிக்காரர்களோடு புழங்கினால் ஊர் அவரைத் தள்ளிவைத்துவிடும் என்பதால், ஒடுக்கப்பட்ட சாதியாரிடமும் போகக்கூடிய பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் 1640 வாக்கில் ஏற்படுத்தப்பட்டார்கள். மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் பிணத்தையும் மற்றவர்களின் பிணத்தையும் பிரிக்க எழுப்பிய சுவரை நொபிலி கட்டவில்லை. ஆனால் அந்தச் சுவர் எங்கிருந்து பலம் பெற்றது என்று யோசித்தால் அவரைத் தாண்டிப் போக முடியாது. 2003 நவம்பரில் போப் இரண்டாம் யோவான் பவுல் ரோமில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தே பேசினார். நானூறு ஆண்டுப் பழக்கம் ஓர் உரையில் போய்விடுமா?

(ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவரும் இத்தாலிக்காரர்தான். ஏ, ஓ வரிசைக்கு அவர் செய்த திருத்தத்தோடுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கடன் தனி.)

ஆகவே தங்கையே, ஒத்துப் போ. ஆனால் யாரோடு என்று கேட்டுவிட்டுப் போ.

காபியிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கே 'பார்' என்றால் காபிக்கடை. நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் கூடுதல் விலை. நின்றே குடி. எஸ்பிரஸ்ஸோ ஒரு யூரோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், இரண்டு மடக்குத்தான். பால் சேர்த்த கப்புச்சினோ அவர்களுக்குக் காலைப் பலகாரம் மாதிரி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேட்டால் தருவார்கள், சிரிப்பார்கள். நாங்கள் போன கடையில் கோட்டு போட்டவர், போலீஸ்காரர், குப்பை வண்டி ஓட்டுபவர் எல்லோரும் ஒரே பளிங்கு மேடையில் சாய்ந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே பீங்கான் கோப்பை. எங்களில் ஒருவர் குடித்து முடித்ததும் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று எங்களுக்கு உடனே புரியவில்லை. கழுவி வைக்கக் குழாய் தேடினார். அவர் ஊர் டீக்கடையில் அவர் தாத்தாவின் தம்ளர் கூரையில் செருகி இருந்தது. குடித்தவரே கழுவிச் செருக வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்த கை. கடைக்காரப் பெண் கையை நீட்டிக் கோப்பையை வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்தவரைக் கவனித்தாள். அவளுக்கு அது ஒன்றுமே இல்லை. நாங்கள் வெளியே வந்து கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. ஃபுளோரன்ஸில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு இரண்டு யூரோ கூடுதலாக இருந்தது. கறுப்பாக இருக்கிறோம் என்பதற்கான கட்டணம் என்றே முடிவுகட்டிச் சண்டைக்குப் போய்விட்டோம். பரிமாறியவர் பொறுமையாகப் பட்டியலின் அடியில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார். ரொட்டி, மேசைவிரிப்பு, உட்கார இடம் ஆகியவற்றுக்காகப் பல உணவகங்களில் எல்லோரிடமும் வாங்குவது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தேகத்தை எங்களுக்குள் வைத்தது யார் என்பதும் ஒரு கேள்வி. முதலில் பட்டியலைப் படி, பிறகு கோபப்படு. கோபமே படாதே என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

மொழியில் முதலில் கற்க வேண்டியது 'லெய்'. அது நம் 'நீங்கள்'. 'தூ' என்றால் 'நீ'. முன்பின் தெரியாத பெரியவர்கள் ஒருவருக்கொருவர் லெய் போட்டுத்தான் பேசுவார்கள். ஸ்ரீரங்கத்தில் பேரன் வயதுப் பையன் உன் தாத்தாவை 'நீ' என்றழைத்ததைக் கேட்டவள் நீ. அங்கே இருபது வயதுப் பெண்ணான உன்னை நரைத்த கடைக்காரர் 'நீங்கள்' என்பார். ஆனால் ஏமாந்துவிடாதே: வெளிநாட்டுத் தொழிலாளி என்று தோன்றினால் சிலர் சட்டென்று 'தூ'வுக்கு இறங்குவார்கள். நீ லெய்யை விடாமல் பிடித்துக்கொண்டு பதில் சொல். எங்களிடம் இரண்டு பேர் அப்படித்தான் பாதிப் பேச்சில் திருந்தினார்கள். கடைக்குள் நுழைந்ததும் 'புவோன்ஜோர்னோ' சொல்லாமல் சாமானைத் தொடாதே. அது அவர்கள் மரியாதை.

ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்காதே. தெருவெங்கும் 'நசோனே' என்ற இரும்புக் குழாய்கள், 2,000-க்கும் மேல், இரவும் பகலும் குளிர்ந்த நல்ல தண்ணீர். பெயருக்குப் பொருள் பெரிய மூக்கு. மூக்கு நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாக வளைந்து பீய்ச்சும், வாயை வைக்காமல் குடிக்கலாம். 1927 மார்ச் 20 அன்று மகத் சவுதார் குளத்தில் அண்ணல் அள்ளிக் குடித்த கைத்தண்ணீரை நினைக்காமல் நாங்கள் எந்த மூக்கையும் அடைக்கவில்லை. கொஞ்சம் மிகைதான். இருக்கட்டும்.

தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஒரு துப்பட்டா போதும். பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்காதே. வாசலில் உன்னிடம் கேட்பது அவ்வளவுதான். நம் ஸ்ரீரங்கத்தில் திருப்பாணாழ்வாரைக் கல்லால் அடித்த லோகசாரங்கர், பிறகு தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார் என்று கதை சொல்வார்கள். பெருமையாகத்தான் சொல்வார்கள். உள்ளே போகும் வழியில் அவர் கால் தரையில் படவில்லை என்பதை நாங்கள் கவனிப்போம். நீ உன் காலால் நடந்து போ.

ஆனால் தேவாலயத்தோடு நிறுத்திவிடாதே. வெனிஸில் 1516-இல் யூதர்களை ஒரு தீவுப்பகுதியில் ஒதுக்கி இரவில் கதவைப் பூட்டினார்கள். 'கெட்டோ' என்ற சொல்லே அங்கே பிறந்தது. ரோமில் 1555-இல் போப் நான்காம் பவுல் அதையே செய்தார். இரண்டு இடங்களிலும் இன்று தெருக்கள் இருக்கின்றன, கதவுகள் இல்லை. சேரியில் பிறந்தவர்கள் அங்கே ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. ரோமின் தெஸ்தாச்சோ பகுதியில் பெரிய இறைச்சிக்கூடம் இருந்தது. அங்கே உழைத்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் குடல், வால், ஈரல் கிடைத்தன. அதற்கு 'ஐந்தாவது கால்பங்கு' என்று பெயர். அந்த ஏழைகளின் குடல் கறியும் மாட்டுவால் குழம்பும் இன்று ரோமின் பெருமைக்குரிய உணவுகள். நம் வீட்டுப் போட்டிக் குழம்பின் வாசனையைக் குறைவாக நினைத்த ஹாஸ்டல் அனுபவம் உனக்கு உண்டு. அங்கே போய் 'த்ரிப்பா' கேள். மாட்டுக்கறிக்கு 'மான்சோ'. குரலைத் தாழ்த்தாமல் கேட்கலாம்.

காகிதத்தில் வட்டார ரயில் டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் மெஷினில் முத்திரை குத்து, இல்லாவிட்டால் அபராதம். வந்த எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் தங்குமதி விண்ணப்பம் போடு, தள்ளிப்போடாதே.

இனி கசப்பானது. ரோமுக்குத் தெற்கே லத்தீனா வயல்களில் ஆயிரக்கணக்கான பஞ்சாபித் தொழிலாளர்கள் காய்கறி பறிக்கிறார்கள். நம் மேஸ்திரி முறைக்கு அங்கே 'கப்பொராலாத்தோ' என்று பெயர். அதற்கு எதிராக 2016-இல் சட்டமே வந்தது. 2024 ஜூனில் சத்னாம் சிங் என்ற 31 வயதுத் தொழிலாளியின் கை இயந்திரத்தில் துண்டானது. முதலாளி ஆம்புலன்ஸ் கூப்பிடாமல் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். துண்டான கை பழப்பெட்டியில் கிடந்தது. இரண்டு நாளில் சத்னாம் இறந்தார். ஒரே கோப்பையில் காபி தரும் நாடும் இதுதான். சூப்பர் மார்க்கெட்டில் தக்காளி எடுக்கும்போது இது உனக்கு நினைவிருக்கட்டும்.

நம்மவர்கள் சாதியை விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போவதில்லை. பஞ்சாபி தலித்துகள் அங்கே குரு ரவிதாஸ் ஆலயங்களைத் தனியே கட்டியிருக்கிறார்கள் என்பதிலிருந்தே புரிந்துகொள். பொங்கல், தீபாவளிக் கூடுகைகளில் இனிமையாகத்தான் பேச்சு ஆரம்பிக்கும். "திருச்சியா? ஸ்ரீரங்கமா! எந்த வீதி?" வீதி என்றால் உத்தர வீதியா, சித்திரை வீதியா என்றுதான் கேட்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குள் அன்று பெரிய விவாதம். பொய் சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம், முதல் வருடம் படிப்பைப் பார் என்றார் ஒருவர். அதில் தவறில்லை என்றே நாங்களும் நினைக்கிறோம். தனியாக இருப்பது அவள், நாங்கள் இல்லை.

அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "கொள்ளிடக் கரைண்ணா. எந்த வீதின்னா, எங்கம்மா கூட்டுற எல்லா வீதியும்னு சொல்லிக்கிறேன்."

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நெய்யும் பால்கோவாவும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், கருவாடு கொண்டுபோகலாம் என்று நாங்கள் சொன்னதிலிருந்து, எத்தனை உறையில் சுற்றினால் மணம் வெளியே வராது என்பதிலேயே இருந்தார்.